உயிரோடிருப்பவனுக்கு ஒரு விடியல் பாட்டு

வாலியா நூச்சி கிராமம், கோர்ஜ் மாவட்டம்
1952 ஜூன் 3, தபாலில்

என் அருமை மருமகன் லிவியுவுக்கு,

உன் தாய்மாமன் இலாரியோன் எழுதுவது. நீ புக்கரெஸ்டில் பெரிய இசையமைப்பாளனாகிவிட்டாலும் எழுத்துப் பிழை பார்க்காமல் படி. மூன்றாம் வகுப்போடு வாத்தியார் என்னை அனுப்பிவிட்டார், இனிமேல் உனக்குச் சொல்லித்தர என்னிடம் ஒன்றுமில்லை என்று. அவர் சொன்ன முறை கொஞ்சம் கடுமையாக இருந்தது, அவ்வளவுதான்.

நேற்று மதியம் கூட்டுறவுக் கடை எதிரே கம்பத்தில் கட்டிய ஒலிபெருக்கியில் உன் பெயரைச் சொன்னார்கள். ஆகஸ்ட் விழாவில், நாட்டை ஆளும் பெரியவரின் முன்னிலையில் பாடப்போகும் "அறுவடைக் கீதம்", அதன் கடைசிப் பகுதியை இப்போது கேட்கலாம் என்றார்கள். ஊரே கூடிவிட்டது. நூறு பேர். இல்லை, முன்னூறு பேர், மாடுகளைச் சேர்க்காமல்.

பாட்டு தொடங்கியதும் எனக்கு மயிர் சிலிர்த்தது. என் பாட்டு! பதினான்கு வருஷத்துக்கு முன்னால் நீ பாட்டைப் பதிவுசெய்யும் மெழுகு உருளை இயந்திரத்தோடு வந்தபோது நான் புல்லாங்குழலில் ஊதிக் காட்டிய அதே மெட்டு. நீ அதை நன்றாக மெதுவாக்கி, இருநூறு தொண்டைகளில் ஏற்றி, பித்தளை வாத்தியங்களைக் கீழே போட்டு… நான் ஊதியதில் பாதி அளவுக்காவது நன்றாகவே இருந்தது.

மரியாதை என்றால் அப்படியொரு மரியாதை. கிணற்றடியில் ஸ்தாங்கா நின்றிருந்தாள். சாவு வீடுகளில் முதல் குரல் எடுப்பாளே, அவள்தான். வாளியைக் கீழே வைத்தாள். தலைத்துணியை நெற்றிவரை இழுத்துக்கொண்டாள். கிழக்கே திரும்பி நின்றாள். பார்த்தால், வேலிக்கு வேலி பெண்கள் வெளியே வந்து அதேபோல் கிழக்கே பார்த்து நிற்கிறார்கள். பாட்டு முடிந்ததும் ஸ்தாங்கா என்னிடம் வந்து, "யாருக்கு?" என்றாள்.

"யாருக்கா? எனக்கும் என் மருமகனுக்கும்தான்!" என்றேன் நெஞ்சை நிமிர்த்தி.

அவள் சிலுவை போட்டுக்கொண்டு ஓடியே போய்விட்டாள். பொறாமை மனிதர்களை என்ன பாடு படுத்துகிறது பார்.

வேத்தா அத்தை ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள்.

உன் மாமன்,
இலாரியோன்

---

புக்கரெஸ்ட்
1952 ஜூன் 11, தபாலில்

அன்புள்ள மாமா,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். லுக்ரேசியா வேலைக்குப் போகிறாள். எங்கள் குழந்தை ருக்ஸாந்த்ராவுக்கு நான்கு வயது முடிந்தது.

ஒரு சின்ன விஷயம் கேட்க வேண்டும். பெண்கள் ஏன் கிழக்கே திரும்பினார்கள்?

அந்தக் கோடையில் நான் வந்தபோது பெண்கள் எனக்கு எல்லாப் பாட்டும் பாடினார்கள், ஒன்றைத் தவிர. அதைக் கேட்டபோது ஸ்தாங்கா கதவைச் சாத்திவிட்டாள். மறுநாள் நீங்கள் ஒரு மெட்டை வேகமாக ஊதிவிட்டு, அறுப்புக்காரர்களின் பாட்டு என்றீர்கள். நோட்டில் அப்படியே எழுதிக்கொண்டேன். விழா நிகழ்ச்சித்தாளிலும் அப்படித்தான் அச்சாகியிருக்கிறது: "கோர்ஜ் அறுப்புக்காரர்களின் மகிழ்ச்சியிலிருந்து."

அந்தக் கடைசிப் பகுதியைப் பாட உங்கள் ஊர்ப் பெண்கள் நாற்பது பேரையே அழைத்துவரப் போகிறார்களாம். இசையமைப்பாளர் சங்கத் தலைவர் நேற்று என் தோளில் தட்டிச் சொன்னார்.

அது அறுப்புப் பாட்டுதானே? ஆம் அல்லது இல்லை என்று ஒரே வார்த்தை எழுதுங்கள். வேறு எதுவும் எழுத வேண்டாம்.

லிவியு

---

வாலியா நூச்சி
1952 ஜூன் 19, தபாலில்

அருமை மருமகனே,

ஒரு வார்த்தை போதும் என்கிறாய். ஒரு வார்த்தைக்காக யாராவது தபால்தலை ஒட்டுவார்களா?

அறுப்புப் பாட்டுதான். என் தாத்தா ஒரு நாளில் ஒரு மலைச்சரிவையே தனியாக அறுத்தவர். அவர் அரிவாளை வீசினால் காற்று இரண்டாகும். அவர் பாடாத அறுப்புப் பாட்டா? ஆகவே அறுப்புப் பாட்டுதான் என்று வைத்துக்கொள்.

நம் ஊர்ப் பெண்களின் குசும்பைத்தான் நீ தெரிந்துகொள்ள வேண்டும். கட்சிச் செயலாளர் கவ்ரிலா திங்கட்கிழமை எல்லாரையும் பண்பாட்டு மன்றத்தில் கூட்டினார். அச்சடித்த வரிகளைக் கொடுத்தார். கோதுமையே எழுந்திரு, டிராக்டரே எழுந்திரு என்று அழகான வரிகள்.

"பாடுங்க" என்றார்.

ஸ்தாங்கா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "செத்தது யாருன்னு சொல்லுங்க, பாடுறோம்."

"யாரும் சாகல, தோழி. இது அறுவடைப் பாட்டு."

"அறுவடையா? யாரை அறுக்கப் போறீங்க?"

பின்வரிசையில் ஒருத்தி சிரித்துத் தொலைத்தாள். கவ்ரிலாவுக்குக் காது சிவந்துவிட்டது. "இதைப் பெரியவர் முன்னாடி பாடணும், விளையாட்டுப் பண்ணாதீங்க" என்று மேசையைத் தட்டினார்.

"அவரு வீட்ல யாராவது போயிட்டாங்களா?" என்றாள் ஸ்தாங்கா. "அய்யோ பாவம். பொணம் வீட்ல இருக்கையிலதான் இதப் பாடணும், விடியக்காலம். மண்டபத்துல பாடுனா அங்க உக்காந்திருக்கிறவனைக் கூட்டிட்டுப் போயிரும்."

நான் எழுந்து, "தோழர் செயலாளர், அது என் தாத்தாவின் பாட்டு. இந்தப் பொம்பளைகளுக்கு என்ன தெரியும்?" என்று ஒரு போடு போட்டேன். கை தட்டல் அடங்க அரை மணி நேரமாயிற்று.

ஆகவே நீ கவலைப்படாதே.

இலாரியோன்

---

புக்கரெஸ்ட்
1952 ஜூன் 27, ரயில் கார்டு நிக்கோதிம் கையில்

மாமா,

இனி தபாலில் எதுவும் எழுதாதீர்கள். எழுதினால் இவர் கையில் கொடுங்கள். வேத்தா அத்தையின் தங்கை மகன்தானே, நம்பலாம்.

உங்கள் கடித உறையைத் தொட்டபோது பசை ஈரமாக இருந்தது. கோர்ஜிலிருந்து மூன்று நாள் வந்த கடிதம், மாமா. ஈரமாக இருந்தது. அதற்குள் நீங்கள் "மண்டபத்தில் உட்கார்ந்திருப்பவனைக் கூட்டிட்டுப் போயிரும்" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கையெழுத்தில். என் முகவரிக்கு.

இங்கே சங்கத்தில் என்னோடு இருந்த ஒருவர் இந்த மார்ச்சில் மெதுவான இசை ஒன்று எழுதினார். கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "இவ்வளவு துக்கம் யாருக்காக, தோழரே?" என்று மட்டும் கேட்டார். வேறு ஒன்றும் நடக்கவில்லை. இப்போது அவர் கதவில் பெயர்ப்பலகை இருந்த இடத்தில் நான்கு ஆணித் துளைகள் இருக்கின்றன. மாடிப்படி ஏறும்போது நாங்கள் எல்லோரும் சுவரைப் பார்த்துக்கொண்டு ஏறுகிறோம்.

அவர் எழுதியது வெறும் துக்கம். நான் பெரியவரை முதல் வரிசையில் உட்கார வைத்து, இருநூறு பேரைக் கொண்டு, பிணத்தை வீட்டிலிருந்து வழியனுப்பும் பாட்டைப் பாடவைக்கப் போகிறேன். தெரியாமல் செய்தேன் என்றால் யார் நம்புவார்கள்? நாட்டுப்பாட்டு சேகரித்துப் பட்டம் வாங்கியவன் நான்.

ருக்ஸாந்த்ராவுக்கு அந்த மெட்டு பிடித்துவிட்டது. பகலெல்லாம் முனகுகிறாள். நேற்று பொம்மையை மேசைமேல் மல்லாக்கப் படுக்கவைத்து, அதைப் பாடி, கைக்குட்டையால் அதன் முகத்தை மூடினாள். "ஏம்மா மூடுறே?" என்றேன். "பாட்டு மூடச் சொல்லுதுப்பா" என்றாள். அவளுக்கு யாரும் எதுவும் சொல்லித்தரவில்லை. அன்றிலிருந்து நான் பியானோவைத் திறக்கவில்லை.

உண்மையைச் சொல்லுங்கள், மாமா. தாத்தா வேண்டாம், மலைச்சரிவு வேண்டாம். அந்த மெட்டு எங்கிருந்து வந்தது?

லிவியு

---

வாலியா நூச்சி
1952 ஜூலை 5, நிக்கோதிம் கையில்

லிவியு,

உனக்கு முதலில் ஒரு விஷயம் தெரியவேண்டும். நான் அந்த மெட்டைத் திருடியது போல் இந்த மாவட்டத்தில் எவனும் ஒரு பாட்டைத் திருடியதில்லை. ஒரே முறை கேட்டேன். ஒரு சுரம் தவறவில்லை. அப்படிப்பட்ட காது.

விடியல் பாட்டுதான்.

ஆண்கள் பாடக்கூடாது, கிட்டே நிற்கவும் கூடாது. பெண்கள் வாசலில் மெழுகுவர்த்தியோடு கிழக்கே பார்த்துப் பாடுவார்கள், செத்தவரின் பேரைச் சொல்லி, எழுந்திரு, வழி தூரம், புறப்படு என்று. நான் வேலிக்குப் பின்னால் செடிக்குள் படுத்துக் கேட்டேன். யார் வீடு என்று கேட்பாய். நம் வீடு. அது உன் அம்மாவுக்குப் பாடியது. என் அக்காவுக்கு.

நீ அப்போது பாரீஸில் படித்துக்கொண்டிருந்தாய். தந்தி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கோடையில் நீ அந்த இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாய். கல்லறைக்குக்கூடப் போகாமல் வீடு வீடாகப் பாட்டுக் கேட்டு அலைந்தாய். ஸ்தாங்கா கதவைச் சாத்திய அன்று படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாய். அம்மாவுக்கு என்ன பாடினார்கள் என்றாவது கேட்க வேண்டும் என்று சொன்னாய். எனக்கு மனசு கேட்கவில்லை. உண்மையைச் சொல்லி ஊதினால் கெட்டது நடக்கும் என்று பயம். அதனால் குதிரை ஓடுகிற மாதிரி வேகமாக ஊதிவிட்டு, அறுப்புப் பாட்டு என்றேன். வேகமாக ஊதினால் சாவுக்குக் காது கேட்காது என்று நினைத்தேன்.

நீ அதை மெதுவாக்கினாய். யாரும் சொல்லாமலே, அது எந்த நடையில் நடக்குமோ சரியாக அந்த நடைக்குக் கொண்டுவந்துவிட்டாய். அதுதான் வினை. நீ சுமாரான இசையமைப்பாளனாக இருந்திருந்தால் ஸ்தாங்காவுக்கு அடையாளமே தெரிந்திருக்காது.

சொல், நான் என்ன செய்யட்டும்? நானே புக்கரெஸ்டுக்கு வந்து பெரியவரிடம் நேரில் பேசட்டுமா? நான் பேசினால் கேட்பார்.

இலாரியோன்

---

புக்கரெஸ்ட்
1952 ஜூலை 12, நிக்கோதிம் கையில்

மாமா,

வராதீர்கள். யாரிடமும் பேசாதீர்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு எரித்தேன். அம்மாவைப் பற்றிய பகுதியை எரிக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

மறுநாள் சங்கத் தலைவரிடம் போய், முடிவுப் பகுதியை மாற்றி எழுத அனுமதி கேட்டேன். இன்னும் உற்சாகமாகச் செய்யலாம் என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"என்னத்துக்கு? பெரியவருக்கு அந்த இடந்தான் ரொம்பப் பிடிச்சிருக்காம். காலையில சவரம் பண்ணிக்கறப்ப முனகறாராம். நீங்க அதைத் தூக்கணுங்கறீங்க?"

"இல்ல தோழர், சும்மாதான்…"

"ஏன் உங்க முகம் இப்படி வெளுத்துப் போச்சு?"

வெயில் என்றேன். அறையில் வெயிலே இல்லை.

இப்போது எனக்கு ஒரு வழிதான் தெரிகிறது. பெண்கள் பாடிவிட்டால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். பாடமாட்டோம் என்றால், ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று கேட்டால் ஸ்தாங்கா உள்ளதைச் சொல்வாள். அந்த ஈர உறையைப் பிரித்தவர்களுக்கு உங்கள் கடிதம் வெறும் ஊர்வம்பாகப் பட்டிருக்க வேண்டும், அன்று மன்றத்தில் சொன்னதைக் கவ்ரிலாவும் மூடி மறைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் இந்நேரம் நான் இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கமாட்டேன். இரண்டாவது முறை அவரால் மறைக்க முடியாது.

அவளைப் பாடச் சொல்லுங்கள். உயிரோடிருக்கும் ஒருவர் முகத்துக்கு நேரே அதைப் பாடச் சொல்வது எப்படிப்பட்ட காரியம் என்று எனக்குத் தெரியும். கூச்சமாக இருக்கிறது. என் மகள் தூங்குவதைப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். சொல்லுங்கள், மாமா.

லிவியு

---

வாலியா நூச்சி
1952 ஜூலை 30, நிக்கோதிம் கையில்

மருமகனே,

முடித்துவிட்டேன். மந்திரிகளால் முடியாததை உன் மாமன் முடித்தான். விவரமாகக் கேள்.

நான்கு முறை ஸ்தாங்கா வீட்டுக்குப் போனேன். முதல் மூன்று முறை நாயை அவிழ்த்துவிட்டாள். கரடி அளவு நாய். நான்காம் முறை வேத்தாவைக் கூட்டிக்கொண்டு போனேன், நாய்க்கு அவள்மேல் பயம்.

"பாடலேன்னா லிவியுவைக் கொண்டு போயிருவாங்க" என்றேன்.

ஸ்தாங்கா அவரைக்காய் அரிந்துகொண்டே இருந்தாள். "நா மாட்டேன்னா சொன்னேன்? அந்தப் பாட்டுக்கு ஆள் வேணும். யார் பேர்ல பாடுறோமோ அவங்களைத்தான் அது கூட்டிட்டுப் போகும். பேர் இல்லாம பாடுனா எதுக்கால இருக்கிறவனப் புடிச்சுக்கும். அந்தப் பெரிய மனுசன் நல்லவனோ கெட்டவனோ, கொலைகாரின்னு எம் பேர் எழுதிக்க மாட்டேன்."

"அப்ப ஒரு பேர் குடுத்தாப் போதுமா?"

"செத்தவங்க பேரு. உங்க அக்கா பேர்ல ஒரு தடவ பாடியாச்சு. அவ போய்ச் சேந்துட்டா. திருப்பிக் கூப்புடக் கூடாது."

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. நம் பக்கத்தில் உயிரோடிருக்கும்போதே தனக்குக் கருமாதி விருந்து வைத்துக்கொள்கிற வழக்கம் உண்டே, பிள்ளையில்லாதவர்கள் வைத்துக்கொள்வார்களே! எனக்கும் வேத்தாவுக்கும் பிள்ளை இல்லை.

"எம் பேர்ல பாடு" என்றேன்.

அவள் கையிலிருந்த கத்தி நின்றது. "விருந்து வெச்சுக்கலாம். ஆனா விடியல் பாட்ட இருக்கிறவனுக்குப் பாடுனதே இல்ல. பாடுனா என்னாகும்னு தெரியுமில்ல?"

"எழுபது வயசுக்காரனுக்கு வேறென்ன ஆகும்?"

வேத்தா எழுந்து வெளியே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை விருந்து வைத்தேன். ஐந்து ஆடு, பீப்பாய் பீப்பாயாகப் பிளம் சாராயம். சரி, கோழிகள்தான், ஆனால் ஆடு அளவுக் கோழிகள். தேன் விட்டுக் கிளறிய கோதுமைக் கொலிவாவில் பாதிரியார் என் பேரைப் பாதாம்பருப்பால் எழுதியிருந்தார். என் பேரை நானே கரண்டியால் அள்ளித் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது. அதற்கப்புறம் கொஞ்சம் குளிர் மாதிரி இருக்கிறது, வெயில் காலத்திலேயே. பெரிதாக ஒன்றுமில்லை.

நாற்பது பேரும் வருகிறார்கள்.

இலாரியோன்

---

புக்கரெஸ்ட்
1952 ஆகஸ்ட் 28, நிக்கோதிம் கையில்

மாமா,

இதைப் படித்ததும் கிளம்புங்கள். மேலே மலைக்குப் போய்விடுங்கள், ஆட்டுக்காரர்களோடு இருங்கள். பனி விழும்வரை இறங்காதீர்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். விழா நன்றாக நடந்தது. கடைசிப் பகுதி வந்ததும் நாற்பது பெண்களும் ஒரேயடியாகப் பக்கவாட்டில் திரும்பினார்கள். பெரியவருக்கு முகத்தைக் காட்டாமல், மண்டபத்தின் கிழக்குச் சுவரைப் பார்த்து. என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. தலைவர் என் காதில், "அருமையான யோசனை, விடியலைப் பார்க்கறாங்க, இல்லையா?" என்றார். நான் தலையாட்டினேன். பெரியவர் எழுந்து நின்று கை தட்டினார். எல்லோரும் எழுந்தார்கள். எனக்கு ஒரு பதக்கம் கொடுத்தார்கள். தப்பித்தோம் என்று லுக்ரேசியாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

நேற்று முன்தினம் ஒருவர் வீட்டுக்கு வந்தார். மிகவும் மரியாதையான மனிதர். ருக்ஸாந்த்ராவுக்கு மிட்டாய் கொண்டுவந்திருந்தார். வானொலிப் பதிவைக் கேட்டார்களாம். ஒலிவாங்கி அந்த நாற்பது பேருக்கு நேர் முன்னால் இருந்திருக்கிறது.

"கடைசி வரியில கோதுமையே எழுந்திருன்னுதானே எழுதியிருக்கீங்க?"

"ஆமா."

"இவங்க இலாரியோனே எழுந்திருன்னு பாடறாங்க. மூணு தடவை. இலாரியோனே, வழி தூரம், புறப்படு. யாருங்க இந்த இலாரியோன்? எங்கே புறப்படணும்? உங்க பக்கத்து மலையில இன்னும் துப்பாக்கியோட ஆளுங்க ஒளிஞ்சிருக்காங்க, தெரியுமில்ல? வானொலி அங்கேயும் கேக்கும்."

குழந்தை மிட்டாயைத் தின்றுகொண்டு அவர் மடியில் சாய்ந்திருந்தாள். அவர் அவள் தலையைத் தடவிக்கொண்டே என் பதிலுக்குக் காத்திருந்தார். அவசரமே இல்லாமல்.

நான் சொல்லிவிட்டேன், மாமா. "என் தாய்மாமன். அந்த மெட்டை எனக்குக் கொடுத்தவர்" என்று. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வாய் தானாகத் திறந்துவிட்டது. அவர் உங்கள் பெயரையும் ஊரையும் எழுதிக்கொண்டு, நன்றி சொல்லி, கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார். திங்கட்கிழமை நான் போய் எழுத்துமூலம் வாக்குமூலம் கொடுக்க வேண்டும்.

போய்விடுங்கள். என்னை மன்னிக்க வேண்டாம், போய்விடுங்கள்.

லிவியு

---

வாலியா நூச்சி
1952 ஆகஸ்ட் 29, நிக்கோதிம் கையில்

லிவியு,

நிக்கோதிம் சமையலறைப் பின்கதவில் நிற்கிறான். முன்னறையில் வேத்தா, என்னைக் கூட்டிப்போக வந்தவர்களுக்குச் சாராயம் ஊற்றிக்கொண்டிருக்கிறாள். நான் சட்டை மாற்றிக்கொண்டிருப்பதாகச் சொல்லியிருக்கிறேன். ஆகவே சுருக்கமாக.

மலைக்குப் போகவில்லை. போனால், புறப்படு என்று வானொலியில் சொன்னதும் இலாரியோன் புறப்பட்டுவிட்டான் என்று ஆகிவிடும். யோசித்தாயா அதை?

நான் சொல்லப்போவது இதுதான். மெட்டு நானே கட்டியது, அறுப்புப் பாட்டு. தலைநகர வானொலியில் என் பேர் வரவேண்டும் என்ற ஆசையில் பெண்களுக்கு விருந்து போட்டு, வரியை மாற்றிப் பாடச் சொன்னேன். பெரியவர் காதில் என் பேர் விழவேண்டும் என்று. என் மருமகனுக்கு எதுவும் தெரியாது. கவ்ரிலாவைக் கேட்கட்டும், பாதிரியாரைக் கேட்கட்டும், ஊரில் எந்த வீட்டு வாசலில் வேண்டுமானாலும் நின்று கேட்கட்டும். இலாரியோன் அப்படிச் செய்யக்கூடியவன்தான் என்று நாய்கூடச் சாட்சி சொல்லும். ஸ்தாங்காவிடமும் சொல்லிவிட்டேன். "உன்னைப் பத்திப் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லியே" என்றாள்.

திங்கட்கிழமை நீயும் அதையே எழுது. என் மாமன் ஒரு டம்பாச்சாரி, வாயைத் திறந்தால் புளுகு, அவர் பேச்சை நம்பி ஏமாந்துவிட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடு. இரக்கப்பட்டு ஒரு நல்ல வார்த்தையும் நடுவில் சேர்த்துவிடாதே. சேர்த்தால் இரண்டு பேரும் மாட்டிக்கொள்வோம்.

ஒரு கார் வந்திருக்கிறது. மூன்று என்று எழுதத்தான் கை போனது. ஒன்றுதான். உள்ளே இரண்டு பேர், சின்ன வயசு. ஒருவன் தொப்பியைக் கழற்றவில்லை.

பயமாக இருக்கிறது, லிவியு. சட்டைப் பொத்தான் போடவரவில்லை. வேத்தாவைக் கூப்பிட வேண்டும்.

மாமா